பல்பற்றீனுக்கு முடிசூட்டிய கைகள்

பல்பற்றீன் என்ற பெயரைக் கேட்டதும், 'ஸ்ரார் வோர்ஸ்' படத்தொடரைப் பார்த்து வளர்ந்த இளைஞரின் மனக்கண்ணிலே எழுபவன், கறுத்த முக்காட்டுக்குள் சுருங்கிய முகமும் விரல் நுனிகளிலிருந்து பாயும் நீல மின்னலுமாய் நிற்கும் ஒரு கிழட்டுச் சூனியக்காரன். எமது மனக்கண்ணில் எழுபவன் வேறொருவன். மடிப்புக் குலையாத மேலங்கியும் பணிவான புன்சிரிப்பும் தாழ்ந்த குரலுமாய்ச் சபை நடுவே எழுந்து, இந்தப் பாரத்தைத் தான் விரும்பி ஏற்கவில்லை என்று பெருமூச்செறியும் ஒரு கனவான் அவன். அக்கனவானைச் சூழ ஆயிரக்கணக்கான அங்கத்தவர்கள் ஆரவாரித்துக் கைதட்டுகின்றனர்.

இவ்விரு தோற்றங்களில் எது மெய்யென்பது படரசிகரின் பொழுதுபோக்கு வழக்கன்று. "அவன் மகா மேதாவி, போரிட்ட இரு தரப்பையும் ஒருவனே ஆட்டிவைத்தான், அவனை யாரால் தடுத்திருக்க முடியும்?" என்று வியப்போர் தொகை இன்று பெருகிவிட்டது. அவ்வியப்பு முற்றி, 'ஒழுங்கை நிலைநாட்டியவன் அவன்தானே' என்று பாதி விளையாட்டும் பாதி மெய்யுமாய் வாதாடுவதும் ஒரு நாகரிகமாகிவிட்டது. இதனை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். தீயவனைப் புகழ்கிறார்களே என்பது எமது முறைப்பாடன்று. கதையிலே வரும் தீயவனைப் புகழ்வதால் எவர்க்கும் காய்ச்சல் வந்துவிடாது. தடுக்கவொண்ணாத மேதையென ஒருவனை உயர்த்தும்போது, அவனைத் தடுக்கும் கடமை பூண்டிருந்த ஒரு சபை முழுவதும் ஓசையின்றி விடுதலை பெற்றுவிடுகிறது. அந்த விடுதலைத் தீர்ப்பையே நாம் எதிர்க்கிறோம்.

தொடரைப் பாராத வாசகர்க்காகக் கதையைச் சற்றே கூறவேண்டும். அமெரிக்கரான ஜோர்ஜ் லூக்காஸ் எடுத்த முதற்படம் 1977 மே மாதத்தில் வெளிவந்தது. ஆயிரமாயிரம் உலகங்கள் அடங்கிய ஒரு விண்மீன் மண்டலம். முன்னொரு காலத்தில் அங்கே குடியரசு நிலவிற்று. உலகந்தோறுமிருந்து வந்த பிரதிநிதிகள் செனற் சபையில் அமர்ந்தனர். ஜெடாய் எனப்படும் வாளேந்திய துறவியர் அறங்காவலராய் விளங்கினர். இப்போதோ எங்கும் பேரரசின் ஆட்சி. அப்பேரரசனின் முகத்தை முதற்படம் காட்டவேயில்லை. 1983 இல் வந்த மூன்றாம் படத்திலே, அப்போது நாற்பது வயதும் நிரம்பாத இயன் மக்டியார்மிட் என்னும் ஸ்கொத்லாந்து நடிகர் முதுமை ஒப்பனையோடு பேரரசனாய் நடித்தார். பின்னர் 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று படங்கள், குடியரசு பேரரசாக மாறிய முன்கதையைக் கூறின. அவற்றிலும் அவரே பல்பற்றீன். பெரும்பகுதியில் ஒப்பனைச் சுருக்கங்கள் இல்லாத, நாகரிகமான பல்பற்றீன்.

இவன் முதலில் மந்திரவாதியாகப் பிறந்தவனல்லன் என்பதைக் கவனிக்க வேண்டும். முதற்படத்துக்குச் சில மாதங்கள் முன்னர், 1976 இன் இறுதியில் வெளிவந்த நாவலின் முகப்பிலேயே அவன் 'செனற்றர் பல்பற்றீன்' என்று அறிமுகமாகிறான். 1981 இல் மூன்றாம் படத்துக்கான கதையாராய்ச்சி நடந்தபோது, பேரரசன் ஒரு ஜெடாயா என்று உடனிருந்தோர் வினவ, இல்லை, அவன் ஓர் அரசியல்வாதி என்று விடையிறுத்த லூக்காஸ், அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த றிச்சர்ட் நிக்சனின் பெயரையே எடுத்துக் கூறினார். 2005 இல், வியற்நாம் போரும் நிக்சன் காலமுமே தம்மை இக்கேள்விக்குள் இழுத்தன என்றும், ஜனநாயகங்கள் கவிழ்க்கப்படுவதிலும் பார்க்கத் தாமாகவே கையளிக்கப்படுகின்றன என்பதே தாம் கண்ட விடை என்றும் பத்திரிகையாளரிடம் கூறினார். படைத்தவனே வாக்குமூலம் கொடுத்தபின்னும் மின்னலையே பார்த்துக்கொண்டிருப்போரை என்னென்பது?

ஒரு சாண் வேலி

எல்லைவேலி அடைக்கும் பருவத்திலே கதியாலை ஒரு சாண் தள்ளி நடும் அயலவனை எமது வாசகர் அறிவர். வழக்கு வைக்கும் அளவுக்கு அது பெரிதன்று. அடுத்த முறை இன்னொரு சாண். கேட்டால், "பனை நிழல் விழுகிறது, அதனாலே ஒதுக்கி நட்டேன்" என்பான். பத்து ஆண்டு கழிந்து நில அளவையாளன் சங்கிலி பிடிக்கும்போது, கிணற்றடியும் அவன் பக்கம் போயிருக்கும். நொத்தாரிசு எழுதிய உறுதி பெட்டிக்குள்ளே பத்திரமாய் இருக்கும், காணிதான் இராது. பல்பற்றீன் செய்ததெல்லாம் இதுவே.

1999 ஆம் ஆண்டுப் படத்திலே அவன் நபூ என்னும் சிற்றுலகின் செனற்றர். வரி விதிப்பைச் சாட்டி ஒரு வணிகக் கூட்டமைப்பு நபூவை முற்றுகையிட்டுப் பின் படையிறக்கி வதைக்கிறது. அக்கூட்டமைப்பை மறைவிலிருந்து ஏவியவன் வேறெவனுமல்லன். டார்த் சிடியஸ் என்ற மறுபெயரோடு பல்பற்றீனே. தன் சொந்த மக்களின் பட்டினியைத் தானே மூட்டிவிட்டு, அம்மக்களுக்காகச் சபையிலே கண்ணீர் வடித்தான். நபூவின் அரசி அமிடாலா பதினான்கு வயதுச் சிறுமி. நீதி கேட்டு வந்த அவளிடம், தலைமை அதிபர் வலோரம் நல்லவர்தாம், ஆனால் ஆதாரமற்ற ஊழற் குற்றச்சாட்டுக்களாலும் உத்தியோகத்தர் பிடியாலும் செயலிழந்துவிட்டார் என்று இரக்கத்தோடு எடுத்துரைத்தான். அவள் நம்பிக்கையில்லாப் பிரேரணை கொணர்ந்தாள். வலோரம் வீழ்ந்தார். பாதிக்கப்பட்ட உலகின் பிரதிநிதி என்ற அநுதாப அலையிலே பல்பற்றீன் தலைமை அதிபரானான். பிரேரணையிலே அவன் கையொப்பம் இல்லை. அவன் கேட்டு எதுவும் நடந்ததாகச் சபைக் குறிப்பேட்டிலும் இராது. நபூவை மீட்டது செனற் சபையுமன்று. காட்டிலும் நீரிலும் வாழ்ந்த கங்கன் குடிமக்களும் நபூவின் சிறு படையும் தோளோடு தோள் நின்றே தம் மண்ணை மீட்டனர். அதனைச் சபை பாராட்டிற்று. பாராட்டுவதற்கு அது என்றும் பின்னின்றதில்லை.

பத்து ஆண்டுகள் கழிந்தன. குடியரசின் ஊழலாலும் வரிகளாலும் மனங்கசந்த பல உலகங்கள் பிரிந்து செல்லப் புறப்பட்டன. அவற்றின் குறைகள் மெய்யானவை. அவற்றுக்குத் தலைமை தாங்கிய டூக்கு பிரபுவோ சிடியஸின் சீடன். மெய்யான குறைக்குப் பொய்யான தலைவன் வாய்ப்பதைப் போன்ற கேடு ஒரு மக்களுக்கு வேறில்லை. குடியரசுக்கு நிலையான படை கிடையாது. படையமைப்பு மசோதா சபை முன் வந்தது. அதனை முன்னின்று எதிர்த்தவள், அரசிப் பதவி நீங்கிச் செனற்றராய் வந்திருந்த அதே பத்மே அமிடாலா. அவள்மீது கொலைமுயற்சி நடக்கிறது. பாதுகாப்புக் கருதித் தலைநகரை விட்டு அனுப்பப்படுகிறாள். அவளுக்குப் பதிலாக ஆசனத்தில் அமர்கிறான் ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் வெகுளிப் பிரதிநிதி.

அடுத்து வரும் காட்சி 2002 ஆம் ஆண்டுப் படத்தின் உயிர்நாடி. தலைமை அதிபரின் அறையிலே ஆலோசனை. சபை அவசரகால அதிகாரம் வழங்கினால் அதிபரே படையை அங்கீகரிக்கலாம் என்கிறார் துணையதிகாரி. ஆனால் அத்தகைய தீவிரமான திருத்தத்தைப் பிரேரிக்கும் துணிவு எந்தச் செனற்றருக்கு உண்டு? அமிடாலா மட்டும் இங்கிருந்தால் என்ற ஏக்கமும் அங்கே எழுகிறது. ஜார் ஜாரின் செவியில் அது விழுகிறது. எதிர்க்கட்சி ஆசனத்திலிருந்தே, எதிர்த்தவளின் பெயராலேயே, பிரேரணை வருகிறது. சபை அதிரக் கைதட்டுகிறது. தனக்கு ஜனநாயகத்தின்மேல் உள்ள காதலைப் பறைசாற்றி, நெருக்கடி தணிந்ததும் அதிகாரத்தைத் திருப்பித் தந்துவிடுவதாக வாக்களிக்கிறான் அவன். ஜெடாய் முதுவரும் அந்த ஆலோசனை அறையிலே இருந்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது.

படம் வந்த நாள்முதல் ஜார் ஜாரைப் பழிப்பது ரசிகர்க்கு ஒரு விளையாட்டு. எமக்கு அவன்மேல் இரக்கமே உண்டு. பிரேரித்தவன் ஒருவன், கைதட்டியவர் எத்தனை ஆயிரம்? அவர்களுள் நியாயசாத்திரம் கற்றவர் இல்லையா? ஆட்சிமுறை அறிந்த முதியோர் இல்லையா? 'நெருக்கடி தணிந்ததும்' என்றால், தணிந்துவிட்டது என்று தீர்மானிப்பவர் யார் என எழுந்து கேட்க ஒரு நா எழவில்லை. தவணை குறிக்கப்படவில்லை, புதுப்பிக்கும் வாக்கெடுப்பு விதிக்கப்படவில்லை, அதிகாரத்தை மீளப்பெறும் வழி வகுக்கப்படவில்லை. பழைய உரோமர் தம் சர்வாதிகாரிக்கு ஆறு மாதத் தவணை வைத்திருந்தனர். கி.மு. 44 இல் யூலியஸ் சீசருக்கு அத்தவணையை நீக்கி ஆயுட்கால அதிகாரம் கொடுத்தபோதே அவர்களுடைய குடியரசின் கதை முடிந்தது. ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுப்பவனும் தவணை எழுதி வாங்குகிறான். ஓர் அண்டத்தைக் கொடுத்தவர்கள் வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு வீடு போனார்கள்.

படையின் கதை இதிலும் விநோதம். ஒரே மனிதனைப் படியெடுத்து வளர்த்த இரண்டு இலட்சம் வீரர் ஆயத்தமாய் நிற்கின்றனர். மேலும் பத்து இலட்சம் பேர் தயாராகின்றனர். பத்து ஆண்டுகளுக்கு முன்பே எவரோ செய்த கொள்வனவு இது. செய்தவர் என்று சொல்லப்படும் ஜெடாய் இறந்துவிட்டார். பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. ஓர் ஐக்கிய நாணய சங்கத்திலே உரமூடை பத்து அதிகமாய்க் கிடந்தாலும், கட்டளை கொடுத்தவர் யார், பற்றுச்சீட்டு எங்கே என்று கணக்குப் பரிசோதகர் உலுக்கி எடுத்துவிடுவார். அண்டத்தின் அறங்காவலர்களோ ஒன்றும் கேளாமல் அப்படைக்குத் தளபதிகளாய்ப் போய் நின்றனர். மூன்று ஆண்டுகளின் பின் அதே வீரர்கள் ஒரே கட்டளையில் அவர்களை முதுகிலே சுட்டு வீழ்த்தினர்.

வாக்குகளைக் கண்டபின்

கதையிலே சபையை மிக முட்டாளாக்கிவிட்டார் லூக்காஸ் என்று சொல்வோர் உளர். அவர்கள் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டட்டும். 1933 பெப்ரவரி 27 இரவு ஜேர்மன் பாராளுமன்றக் கட்டிடம் தீப்பற்றிற்று. மறுநாளே குடியுரிமைகள் நிறுத்திவைக்கப்பட்டன. மார்ச் 23 இல், எரிந்த மன்றத்துக்குப் பதிலாக ஒரு நாடக அரங்கிலே கூடிய சபை, சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிற்லரின் மந்திரிசபைக்கு 444 வாக்குகளால் தூக்கிக் கொடுத்தது. எதிர்த்தவர் 94 பேர். அனைவரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கொம்யூனிஸ்ற் அங்கத்தவர்கள் உள்ளே வரவே விடப்படவில்லை. அச்சட்டத்துக்கும் நான்கு ஆண்டுத் தவணை இருந்தது. அது மீண்டும் மீண்டும் நீடிக்கப்பட்டது. அங்கேயாவது அரங்கினுள் சீருடைக் குண்டர்கள் நின்றனர். உயிரச்சம் என்று சொல்ல ஒரு சாட்டு உண்டு. கதையின் செனற்றிலே அன்று ஒரு துப்பாக்கியும் இருக்கவில்லை.

துப்பாக்கி இல்லாத சபையும் இதனைச் செய்யும் என்பதற்கு லூக்காஸின் சொந்த நாடே சான்று. 1964 ஓகஸ்ற் 4 இல் தொங்கின் விரிகுடாவிலே தாக்குதல் நடந்ததாகக் கூறி, ஓகஸ்ற் 7 இல் வியற்நாமில் போர்புரியும் அதிகாரத்தை அமெரிக்கக் காங்கிரஸ் ஜனாதிபதிக்கு வழங்கிற்று. கீழ்ச்சபையில் 416 க்கு ஒன்றுமில்லை. செனற்றில் 88 க்கு 2. அந்த 4 ஆந் திகதித் தாக்குதல் நடக்கவேயில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. 2001 செப்ரெம்பர் 14 இல் மீண்டும் ஓர் அதிகார வாக்கெடுப்பு: கீழ்ச்சபையில் 420 க்கு 1, செனற்றில் 98 க்கு ஒன்றுமில்லை. அந்த ஒரே எதிர்வாக்கு பார்பரா லீ என்னும் கறுப்பின மாதினுடையது. இரண்டாம் படத்தின் காட்சிகள் 2000 ஆம் ஆண்டிலேயே படமாக்கப்பட்டுவிட்டன. ஆதலால் 2002 இல் கொட்டகையிலே உட்கார்ந்திருந்த அமெரிக்கர், தாம் எட்டு மாதங்களுக்கு முன் செய்ததையே, அதற்கு முன்னரே எழுதிவைத்த கதையாகக் கண்டனர்.

இலங்கைத் தமிழர்க்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முன்பே, 1947 இல், அரசாங்க சபையிலே நிறைவேறிவிட்டது. அதன்கீழ்ப் பிறந்த அவசரகால நிலைகளை நீடிப்பதற்கு எத்தனை மாதங்கள், எத்தனை முறை பாராளுமன்றத்திலே கைகள் உயர்ந்தன என்பதை மூத்தோர் அறிவர். எமக்கும் ஒரு செனற் சபை இருந்தது. 1971 இல் அது ஒழிக்கப்பட்டது. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தபோது 'தற்காலிக ஏற்பாடுகள்' என்பது அதன் பெயரிலேயே இருந்தது. தவணை மூன்று ஆண்டு. 1982 இல் அத்தவணை நீக்கப்பட்டது. 'தற்காலிக' என்ற சொல்லை நெற்றியில் ஒட்டிக்கொண்டே அச்சட்டம் நாற்பது ஆண்டுகளைக் கடந்து நின்றது. அதே 1982 டிசம்பரில், பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி ஆறு ஆண்டுகள் நீடிக்கச் சர்வசன வாக்கெடுப்பும் நடந்தது. இவற்றுள் எதற்கும் மின்னல் தேவைப்படவில்லை.

சூரனுக்கும் இவனுக்கும் உள்ள வேற்றுமை

கோயில் மண்டபத்திலே கந்தபுராணம் படிக்கப் பயன் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் சூரபத்மனுக்கு எப்படிக் கிடைத்தது? தன் தசையை அரிந்தரிந்து வேள்வித் தீயில் இட்டு, ஈற்றில் தானும் அத்தீயிலே பாய்ந்து, சிவபெருமானிடம் நேருக்கு நேர் கேட்டுப் பெற்றான். பல்பற்றீனோ மற்றவர் பிள்ளைகளையே வேள்வித் தீயில் இட்டான். வரம் கொடுக்கும் சபையோ அவனைத் தேடி வந்தது. சூரனுடைய சபையிலே தேவரைச் சிறைவிடுமாறு அண்ணனுக்கு இடித்துரைத்த சிங்கமுகன் இருந்தான். அவன் சொல் ஏறவில்லை. பின் அவனே அண்ணனுக்காகப் போர்க்களம் போய் மாண்டான். செனற்றிலும் இடித்துரைத்தோர் இல்லாமல் இல்லை. அவர்களைப் பற்றியும் நாம் பேசத்தான் வேண்டும்.

பத்மேயை நாம் போற்றுகிறோம். 2008 இல் தொடங்கிய 'குளோன் வோர்ஸ்' என்னும் சித்திரத் தொடரிலே, 2010 இல் வந்த ஒரு பகுதி எமது கமக்கார வாசகர் பார்க்கத்தக்கது. மேலும் ஐம்பது இலட்சம் படைவீரரை வாங்கும் மசோதா சபையில் இருக்கிறது. பத்மே எழுந்து தன் பணிப்பெண்ணின் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறாள்: நீர்வசதி குன்றியதால் பிள்ளைகள் இரண்டு கிழமைக்கு ஒருமுறையே குளிக்கிறார்கள், இரவிலே படிக்க வெளிச்சமில்லை, அத்தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் உரிய பணம் போருக்குப் போகிறது. இத்தனை படங்களிலும் தொடர்களிலும் போரின் செலவைச் சமையலறைக் கணக்கிலே காட்டிய இடம் இதுபோல் வேறில்லை. அதே ஆண்டில் வந்த வேறொரு பகுதி, பிரிந்து போன உலகங்களுக்கும் ஒரு பாராளுமன்றம் உண்டு, அங்கும் மினா பொன்றேரி போன்ற நேர்மையான அங்கத்தவர் உண்டு என்று காட்டுகிறது. அவள் கொணர்ந்த சமாதான யோசனை அங்கே நிறைவேறிற்று. உடனே குடியரசின் தலைநகரிலே மின்நிலையம் தகர்க்கப்பட்டது. சமாதானப் பேச்சு இருளோடு இருளாய்ப் போயிற்று. பொன்றேரியும் கொல்லப்பட்டாள். சமாதானம் எட்டும் தூரத்துக்கு வரும்போதெல்லாம் எங்கோ ஒரு குண்டு வெடிப்பது தற்செயலென்று நம்பும் பாக்கியம் எமக்கு இல்லை.

ஆயினும், வலோரத்தை வீழ்த்திய பிரேரணையைக் கொணர்ந்தவள் பத்மே என்பதையும் சொல்லாமல் விடமுடியாது. அப்போது அவள் சிறுமி. தன் மக்கள் செத்துக்கொண்டிருந்தனர். கையில் இருந்த ஒரே ஆயுதம் அதுதான். அதனாலேயே அந்தப் பிரேரணை பல்பற்றீனுக்கு அத்துணை பயன்பட்டது. பொல்லாதவர் வாக்குகளை எண்ணியா அவன் ஏறினான்? நல்லவர்களின் கோபத்தை ஒரு படியாகவும் பயத்தை அடுத்த படியாகவும் வைத்தே ஏறினான்.

2005 ஆம் ஆண்டுப் படத்தின் ஈற்றிலே அவனுடைய முகம் சிதைகிறது. தன் சொந்த மின்னல், ஜெடாய் ஒருவரின் வாளிலே பட்டுத் திரும்பித் தன் முகத்தையே பொசுக்கிற்று. அந்த முகத்தோடு நேரே சபைக்கு வந்து, துறவிகள் தன்னைக் கொல்ல முயன்றதற்குச் சாட்சி இதுவென்று காட்டினான். வேலிக்கு ஓணான் சாட்சி என்பர். இங்கே தானே வைத்த தீக்குத் தன் புண்ணே சாட்சி. பாதுகாப்பான சமுதாயத்துக்காகக் குடியரசு இன்றுமுதல் பேரரசாகிறது என்றான். கட்டிடம் அதிரக் கைதட்டினர். சுதந்திரம் சாகும்போது எழும் ஒலி இதுவா என்று பத்மே தன் அருகிருந்தவரிடம் சொல்லும் இடத்தை அறியாத ரசிகர் இல்லை. அச்சொல்லை ரசித்தவர்கள், அது யாரைச் சுட்டிச் சொல்லப்பட்டதென்று கவனித்தார்களா? அவள் பார்த்துச் சொன்னது மேடையையன்று; ஆசன வரிசைகளை.

இனி, இந்தக் கதையைக் கெடுத்தவர்களிடம் வருவோம். லூக்காஸின் நிறுவனத்தை 2012 இல் டிஸ்னி நிறுவனம் வாங்கிற்று. 2019 இல் அவர்கள் வெளியிட்ட ஒன்பதாம் படத்திலே பல்பற்றீன் மீண்டும் உயிரோடு எழுகிறான். எப்படி? இருண்ட கலை, படியெடுப்பு, இரகசியம் என்று யாரோ ஒருவன் சொல்லிவிட்டுப் போகிறான். மறைந்த கிரகமொன்றிலே, ஒவ்வொன்றும் ஓர் உலகை அழிக்கவல்ல போர்க்கப்பல்கள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அவற்றைக் கட்டிய பணத்துக்கு வாக்களித்தவர் யார்? அவ்வீரரை அனுப்பிய உலகங்கள் எவை? கேட்கக்கூடாது. வாக்கெடுப்பினால் எழுந்தவனை இவர்கள் பிணக்குழியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். கொடுங்கோன்மை மண்ணுக்குள்ளிருந்து பூதம்போலக் கிளம்புவது என்றால், அதற்கு எவரும் பொறுப்பில்லை. மந்திரவாதியை மந்திரவாளால் வெட்டினால் முடிந்தது. அந்தப் படம் மோசமான படம் என்று பலர் பல காரணம் சொல்லிவிட்டனர். எமது காரணம் இது: அது குற்றவாளிகளின் பெயர்ப்பட்டியலைக் கிழித்தெறிந்தது.

அதே நிறுவனத்தின் கூரையின்கீழ் ரோனி கில்றோய் என்பவர் 'ஆண்டோர்' என்னும் தொடரை 2022 இலும் 2025 இலும் இரு பருவங்களாக அளித்ததையும் நாம் நேர்மையோடு கூறவேண்டும். அதிலே பல்பற்றீன் தோன்றுவதேயில்லை. அவன் ஆட்சி எப்படி நடக்கிறது என்பதை உத்தியோகத்தர், வழக்குமன்றம், சிறைச்சாலை, ஆலோசனைக் கூட்டம் ஆகியவற்றின் வாயிலாக மட்டுமே காண்கிறோம். ஒரு கொள்ளை நடக்கிறது. உடனே தண்டனைகளைக் கூட்டும் பணிப்புரை. கடைக்கு நடந்து போன ஒருவனைப் பிடித்து, முன்னர் ஆறு மாதம் பெற்றிருக்கக்கூடிய குற்றத்துக்கு ஆறு ஆண்டு விதிக்கிறாள் ஒரு நீதிபதி, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கோர்மன் என்னும் நெசவாளர் உலகின் மண்ணுக்கடியிலே பேரரசுக்கு வேண்டிய கனிப்பொருள் இருக்கிறது. ஆகவே அம்மக்களைத் திமிர் பிடித்தவர் என்று முதலில் பிரசாரம் செய்து, அவர்களுக்குள் ஒரு கிளர்ச்சி வளர்வதற்கு ஒற்றரே வழிவிட்டு, பின் அக்கிளர்ச்சியைச் சாட்டி நகரச் சதுக்கத்திலே கூடியவரைச் சுட்டுக்கொல்கின்றனர். கோப்புக்களைக் கையில் ஏந்திய சாதாரண மனிதர்கள், பதவியுயர்வு கருதி, மேசையைச் சுற்றியிருந்து தீட்டிய திட்டம் அது. அத்தொடரிலே பல்பற்றீன் முகமின்றியே எங்கும் நிறைந்திருக்கிறான். முகம் தேவைப்படவில்லை, ஏனெனில் அத்தனை முகங்கள் அவனுக்காக வேலை செய்கின்றன.

வெட்டியெறிந்த காட்சி

கோர்மன் கொலைகளின் பின் செனற்றர் மொன் மொத்மா சபையிலே எழுந்து, நடந்தது இனப்படுகொலை என்று அதன் பெயராலேயே அழைத்து, பேரரசனையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டுகிறாள். ஒலிபரப்பை நிறுத்த ஆட்கள் ஓடுகின்றனர். சபை கூச்சலிடுகிறது. அன்றே அவள் உயிர் தப்பி ஓடவேண்டியதாகிறது. அவ்வேடத்தில் நடித்தவர் ஜெனவீவ் ஓறைலி. இவரே 2005 ஆம் ஆண்டுப் படத்திலும் மொன் மொத்மாவாக நடித்திருந்தார். அப்படத்துக்காக எடுத்த காட்சிகளிலே, அவசரகால அதிகாரத்தைக் கைவிடுமாறு இரண்டாயிரம் செனற்றர்களின் பெயரால் பல்பற்றீனிடம் ஒரு விண்ணப்பம் கையளிக்கப்படுகிறது. அவன் புன்சிரிப்போடு வாங்கிக்கொள்கிறான். படம் நீண்டுவிட்டதென்று அக்காட்சிகள் வெட்டப்பட்டன. வாள்வீச்சுக்கு நேரம் இருந்தது, விண்ணப்பத்துக்கு இருக்கவில்லை. இரண்டாயிரம் பேர் எழுதிக் கேட்டார்கள் என்பதைக் கொட்டகையிலே எவரும் காணவில்லை. இருபது ஆண்டுகள் கழித்தே அந்த நடிகையின் வாய் சபை நடுவிலே திறந்தது. அதற்குள் பல்பற்றீனை வியக்கும் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

1977 ஆம் ஆண்டு முதற்படத்திலே ஒரு காட்சி உண்டு. மின்னல் ரசிகர் அதனைக் கவனிப்பதில்லை. இராணுவ அதிகாரிகள் ஒரு வட்ட மேசையைச் சுற்றி இருக்கின்றனர். ரார்கின் என்னும் ஆளுநர் உள்ளே வந்து, பேரரசர் செனற் சபையை நிரந்தரமாகக் கலைத்துவிட்டார் என்ற செய்தியைச் சொல்லிக்கொண்டே தன் ஆசனத்தில் அமர்கிறான். மேசையில் எவரும் திடுக்கிட்டு எழவில்லை. அது நியாயமா என்று கேட்டாரில்லை. அதிகாரிகள் வலையமைப்பு இல்லாமல் இனி நிர்வாகம் எப்படி நடக்கும் என்று மட்டும் ஒரு தளபதி வினவுகிறான். பிரதேச ஆளுநர்கள் நேரே ஆள்வார்கள், பயம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்று ரார்கின் விடை கூறுகிறான். பிறகு அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள்.